தேயிலையின் நொதித்தற் காலம்: கண்டி மலைநாட்டு வரலாற்றில் ஓர் ஆய்வு

பறித்த கொழுந்து தேயிலையாவது தொழிற்சாலையினுள் நிகழும் ஓர் இரசாயனத் தாக்கத்தினாலேயாம். அத்தாக்கத்தின் வேகத்தை மனிதர் அறிய முயன்ற வரலாறு, இலங்கையைப் பொறுத்தமட்டில், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்குகின்றது.

1867 இல் ஜேம்ஸ் தெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் அங்கே 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியை இலைத்துரு நோய் பற்றவே, அச்சிறு முயற்சி காலப்போக்கில் நாட்டின் பெருந்தொழிலாயிற்று. தெயிலரின் பங்களா விறாந்தையே முதற் றொழிற்சாலை. தொழிலாளர் மேசைமீது கொழுந்தை மணிக்கட்டு முதல் முழங்கை வரையான கைப்பகுதியால் அழுத்தி உருட்டினர். களிமண் அடுப்பிற் கரிநெருப்பில் உலர்த்தினர். தெயிலரின் பெயரை எல்லா நூல்களும் கூறும். அக்கைகளுக்கு உரியோர் பெயரைக் காண்டல் அரிது. பச்சை நாற்றம் நீங்கிக் கனிமணம் எழுவதும், இலை செம்பு நிறம் பெறுவதுமே அக்காலத்தில் அளவுகோல்களாயிருந்தன.

நொதித்தல் என்னும் பெயர் பொருத்தமானதன்று. ஈண்டு மதுவம் எதுவும் தொழிற்படுவதில்லை. உருட்டுகையில் இலைக்கலங்கள் சிதைய, செம்பு கொண்ட நொதியம் ஒன்று காற்றின் ஒட்சிசனைக்கொண்டு பொலிபீனோல்களை ஒட்சியேற்றுகின்றது. பரப்பிய இலைப்படை திறந்த கலம் போன்றது: ஒட்சிசன் உட்புகும், காபனீரொட்சைட்டும் வெப்பமும் வெளியேறும். அன்றியும், உருளையிலிருந்து இலை முழுவதும் ஒருங்கே வருவதில்லை. ஒவ்வோர் உருட்டலின் பின்னும் சலித்த நுண்பகுதி, அதாவது ‘டூல்’, தனியே பரப்பப்படும். பருவிலை மீண்டும் உருளைக்குச் செல்லும். ஆகவே ஒவ்வொரு டூலுக்கும் காலக்கணக்கு வேறாதல் வேண்டும்.

1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. இலங்கைத் தேயிலையின் நொதியத்தைப் பற்றி லாம், ஸ்ரீரங்காச்சார் ஆகியோர் எழுதிய ஆய்வு 1940 இல் ஓர் ஆங்கில உயிர்இரசாயன இதழில் வெளிவந்தது.

இத்தகைய தாக்கங்களை அளக்கும் வழிகளுள் ஒன்று, மூடிய குடுவையில் அரைத்த இலையைக் குலுக்கி, உட்கொள்ளப்படும் ஒட்சிசனை அமுக்கமானியால் அறிதலாகும். ஆனால் குலுக்கும் குடுவையில் ஒட்சிசனுக்குத் தட்டில்லை. தளத்திலோ அது இலைப்படையினூடே ஊர்ந்து செல்லல் வேண்டும். படை தடித்தால் நொதியம் எத்துணை விரைவுடையதாயினும் தாக்கம் தளரும். குடுவை தரும் எண்ணைத் தளத்துக்கு அப்படியே பொருத்துதல் தவறு.

வேறொரு தடையும் உண்டு. சாயத்துக்கு ஒளிர்வு தரும் தியாஃபிளவின் முதலிற் பெருகி, ஓர் உச்சம் அடைந்து, பின் தியாருபிகின்களாக மாறிக் குறைகின்றது. வெப்பம் மிகுந்தால் உச்சம் விரைந்து வரும், வீழ்ச்சியும் விரையும். எனவே கண்டியை அடுத்த அந்தானைத் தொழிற்சாலையிற் பொருந்திய நேரம் நுவரெலியாக் குளிரிற் பொருந்தாது.