கண்ணை ஏவும் நெற்றி: பெங்களூர் கண்ட மூளை வரலாறு

சிக்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகப் புடவை வியாபாரம் செய்கிறவன் நான். மூளையைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். பட்டம் எதுவும் கிடையாது. என் மைத்துனர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நெற்றியில் அடிபட்ட பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காயம் ஆறிவிட்டது. பார்வை நன்றாக இருக்கிறது என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் கடையில், "அந்த மாம்பழ மஞ்சளை எடுங்க மாப்பிள்ளை" என்றால் அலமாரியைப் பார்ப்பார், அடுத்த நொடி தெருவில் போகும் ஆட்டோவைப் பார்ப்பார், பிறகு மின்விசிறியைப் பார்ப்பார். "புத்தி எங்கே போச்சு?" என்று இரண்டு வருஷம் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன். அப்புறம் ஒரு மூளை மருத்துவர்தான் புரியவைத்தார்: "கண்ணு சரியாத்தான் இருக்குங்க. கண்ணை ஏவுற இடம் அடிபட்டிருக்கு."

அலமாரியில் முந்நூறு புடவை இருந்தால் முந்நூறும் கண்ணில் விழத்தான் செய்கிறது. மாம்பழ மஞ்சளை நினைவில் பிடித்துக்கொண்டு, மற்றதைத் தள்ளி, அதை மட்டும் தேடு என்று ஆணையிடுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் என்பார்கள். நாம் நெற்றிமூளை என்று வைத்துக்கொள்வோம். பார்வையை முதலில் வாங்கிக்கொள்ளும் இடமோ பிடரிப் பக்கம் இருக்கிறது. ஆக, ஆணை முன்னாலிருந்து பின்னால் போகிறது. திடீரென்று பட்டாசு வெடித்தால் திரும்பிப் பார்க்கிறோமே, அது வேறு கணக்கு.

இதை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஃபெரியர். 1870களில் இவர் குரங்கின் முன்மூளையில் ஓரிடத்தில் இலேசாக மின்சாரம் கொடுத்தபோது, அதன் கண்ணும் தலையும் எதிர்ப்பக்கம் திரும்பின. நெற்றிமூளையை எடுத்துவிட்ட குரங்கோ நடந்தது, பார்த்தது, தின்றது. ஆனால் எதையும் உற்று நோக்கி ஆராயும் குணம் போய்விட்டது. கவனத்தின் இருப்பிடம் இதுதான் என்று 1876இல் வெளிவந்த நூலில் எழுதினார்.

கவனத்தைக் கலையாகவே வளர்த்தவர்கள் நம்மிடமும் உண்டு. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். அந்த நெற்றிக்குள் என்ன நடந்தது என்று அளக்க அன்றைக்குக் கருவி ஏது?

இனி நம்ம பெங்களூருக்கு வருவோம். இங்கே மனநோயாளிகளுக்கான காப்பகம் 1847இலேயே தொடங்கிவிட்டது. 1925இல் அது மைசூர் அரசு மனநல மருத்துவமனை ஆயிற்று. இதற்கிடையில், 1935இல் லிஸ்பன் நகரில் ஈகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் தீராத மனநோய்க்காக ஒரு அறுவை முறையைக் கொண்டுவந்தார். மண்டையில் துளையிட்டு, நெற்றிமூளைக்கும் உள்மூளைக்கும் இடையே ஓடும் இழைகளை வெட்டுவது. பெயர் லூகோடமி. 1940களின் தொடக்கத்திலேயே அது பெங்களூருக்கும் வந்துவிட்டது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமியும் டாக்டர் பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்குச் செய்த அறுவையைப் பற்றி 1944இல் லண்டன் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்டியவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு மருந்து கிடையாது. வருஷக்கணக்கில் கத்திக்கொண்டும் மோதிக்கொண்டும் இருந்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் எதை வெட்டுகிறோம் என்று முழுசாகத் தெரியாமல் வெட்டினார்கள். இந்த அறுவை நடந்த நாடுகளிலெல்லாம் பலர் அமைதியானார்கள். கூடவே தானாக ஒரு காரியத்தைத் தொடங்கும் ஊக்கமும், ஒன்றில் கருத்தை நிறுத்தும் திறனும் பலருக்குக் குறைந்துபோயின. "சாந்தமாயிட்டான்" என்று வீட்டார் அழைத்துப்போயிருப்பார்கள். என் மைத்துனரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு நடந்தது விபத்து.

1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியதும் கத்திக்கு வேலை குறைந்தது. 1954இல் இங்கே அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. அதன் முதல் இயக்குநரும் அதே கோவிந்தசாமிதான். அந்த நிலையமும் பழைய மருத்துவமனையும் 1974இல் இணைந்ததுதான் ஓசூர் சாலையில் நாம் பார்க்கும் நிம்ஹான்ஸ்.

ஃபெரியர் தொட்ட அந்த இடத்துக்கு வருகிறேன். நெற்றிமூளையின் பின் ஓரத்தில் கண்ணை நகர்த்தும் புலம் ஒன்று இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், குரங்கின் அந்தப் புலத்தில் கண் அசையாத அளவுக்கு மிக மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். கண் அசையவில்லை. ஆனால் அந்தப் புலம் குறிக்கும் திசையில் இருந்த பொருளுக்கு, பின்னால் உள்ள பார்வை நரம்பணுக்கள் கூடுதலாகத் துடித்தன. ஏவும் இடம் இதுதான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி என் படிப்பில் அகப்படவில்லை.

இதே புலத்தில் உழைத்தவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆதித்ய மூர்த்தி அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மற்ற இருவரோடு சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதும் கண்ணை அதன்மேல் செலுத்துவதும் இரு வேறு வேலைகள் என்று காட்டியது. பிறகு மானேசர் வழியாக நம் டாட்டா இன்ஸ்டிடியூட்டுக்கு, அதாவது இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கே நரம்பியல் மையம் 2009இல் தொடங்கியது. அதே மையத்தில் ஸ்ரீதரன் தேவராஜன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. நடுமூளையில் உள்ள ஒரு சிறு மேட்டுக்கும் மேல்மூளைக்கும் இடையிலான இணைப்பு எப்படி இருக்கிறதோ, அதையொட்டி ஒருவர் எந்தப் பக்கத்துச் செய்திக்கு முதலிடம் கொடுக்கிறார் என்பதும் அமைகிறது. நெற்றிமூளையே தனி அரசன் என்று எழுதுகிறவர்களோடு அதனால் நான் ஒத்துப்போகவில்லை.

மைத்துனர் இன்றும் கடைக்கு வருகிறார். அவர் உட்காரும் மேஜையைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு புடவையைத்தான் அவர் முன்னால் விரிப்போம்.