கைக்குழந்தைகளில் கரோட்டினாய்டு அகத்துறிஞ்சல்

கைக்குழந்தைகளில் கரோட்டினாய்டு அகத்துறிஞ்சல் என்பது, தாய்ப்பாலிலும் பால்மாவிலும் அடங்கியுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் குழந்தையின் சிறுகுடல் வழியாக இரத்தத்தைச் சென்றடையும் செயற்பாடு ஆகும். கரோட்டினாய்டுகள் தாவரங்கள், பாசிகள், சில பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் ஆகியவற்றில் உருவாகும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறப் பொருட்கள் ஆகும். மனித உடலால் இவற்றை உருவாக்க இயலாது. கருவிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகச் சிறிதளவே குழந்தைக்குக் கிடைக்கின்றது. எனவே பிறந்த பின் முதல் சில மாதங்களுக்குப் பாலே இவற்றின் ஒரே மூலமாகும்.

தாய்ப்பாலில் உள்ள கரோட்டினாய்டுகள்

பீட்டா கரோட்டின், ஆல்ஃபா கரோட்டின், பீட்டா கிரிப்டோசாந்தின், லைக்கோப்பீன், லூட்டீன், சியாசாந்தின் ஆகியன தாய்ப்பாலில் காணப்படும் முதன்மையான கரோட்டினாய்டுகள். இவற்றுள் முதல் மூன்றும் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறக்கூடியவை. ஏனையவை அவ்வாறு மாறுவதில்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதலில் சுரக்கும் சீம்பாலில் இவற்றின் செறிவு மிக அதிகம். சீம்பாலின் மஞ்சள் நிறத்துக்கு இதுவே காரணம். இந்நிறத்தைக் கண்டு அதைக் கெட்ட பால் எனக் கருதிப் பிழிந்து கொட்டிவிடும் வழக்கம் இந்தியா உட்படப் பல நாடுகளில் இருந்து வந்துள்ளது. இதனால் கரோட்டினாய்டுகள் மிகுந்த பகுதியைக் குழந்தை இழக்கின்றது. அடுத்த சில வாரங்களில் செறிவு வேகமாகக் குறைகின்றது.

அகத்துறிஞ்சும் முறை

கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. பாலில் கொழுப்புத் துளிகளுடன் சேர்ந்தே உள்ளன. கொழுப்பு செரிக்கும்போது இவை விடுபட்டு, பித்த உப்புக்களால் உருவாகும் மைசெல் எனப்படும் நுண்துகள்களில் சேர்ந்து குடற்சுவர் உயிரணுக்களை அடைகின்றன. அங்கே பீட்டா கரோட்டினின் ஒரு பகுதி உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றப்படுகின்றது. எஞ்சியவை கைலோமைக்ரான்களில் அடங்கி, நிணநீர் வழியாக இரத்தத்தில் கலக்கின்றன.

பிறந்த குழந்தையில் கணைய நொதியங்களும் பித்த உப்புக்களும் குறைவு. இக்குறையை ஈடுசெய்யும் வகையில், பித்த உப்பால் தூண்டப்படும் லிப்பேசு என்னும் கொழுப்புச் செரிப்பு நொதியம் தாய்ப்பாலிலேயே உள்ளது. பாச்சர் முறையில் சூடாக்கும்போது இந்நொதியம் செயலிழக்கின்றது.

தாய்ப்பாலும் பால்மாவும்

பால்மாவில் உயிர்ச்சத்து ஏ நேரடியாகச் சேர்க்கப்படுவதால் அதன் தேவை நிறைவேறுகின்றது. ஆனால் லூட்டீன் சேர்க்கப்படாத பால்மாவை அருந்தும் குழந்தைகளின் இரத்தத்தில் லூட்டீன் மிகக் குறைவாகவே உள்ளது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் இரத்தத்தில் உள்ள லூட்டீன் அளவை எட்டுவதற்கு, தாய்ப்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு லூட்டீன் பால்மாவில் இருக்கவேண்டும். கொழுப்புத் துளிகளின் அமைப்பு வேறுபடுவதும், மேற்கூறிய நொதியம் பால்மாவில் இல்லாமையும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

உடலில் பயன்

லூட்டீனும் சியாசாந்தினும் விழித்திரையின் மஞ்சட்புள்ளியில் சேர்ந்து நீல ஒளியை வடிகட்டுகின்றன. குழந்தைகளின் மூளைத் திசுக்களில் உள்ள கரோட்டினாய்டுகளிலும் லூட்டீனே மிகுதி. எனினும், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயைத் தடுக்க லூட்டீன் கொடுத்து இத்தாலியில் நடத்தப்பட்டு, 2011 முதல் 2013 வரை வெளியான ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பயன் நிறுவப்படவில்லை.

தாயின் உணவு

தாயின் உணவுக்கேற்பப் பாலின் கரோட்டினாய்டு அளவு மாறுகின்றது. 9 நாடுகளின் தாய்ப்பாலை ஒப்பிட்டு 2003 இல் வெளியான ஆய்வில், பீட்டா கிரிப்டோசாந்தின் அளவு நாடுகளுக்கிடையே ஏறத்தாழ 9 மடங்கு வேறுபட்டது. உயிர்ச்சத்து ஏ அளவோ ஏறத்தாழ 2 மடங்கே வேறுபட்டது. தாய்மாருக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்தபோது பாலில் பீட்டா கரோட்டின் உயர்ந்தது. ஆனால் கீரை உண்பதால் மட்டும் உயிர்ச்சத்து ஏ நிலை மேம்படவில்லை என 1995 இல் வெளியான இந்தோனேசிய ஆய்வு காட்டியது. கீரையின் உயிரணுக்களுக்குள் கரோட்டினாய்டுகள் இறுகப் பிணைந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

தோல் மஞ்சளாதல்

இணை உணவு தொடங்கிய பின் காரட், பூசணி போன்றவற்றை மிகுதியாக உண்ணும் குழந்தைகளின் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி ஆகியன மஞ்சளாகலாம். இது தீங்கற்றது, உணவைக் குறைத்தால் மறையும். இதில் விழிவெண்படலம் வெண்மையாகவே இருக்கும். மஞ்சள் காமாலையில் விழிவெண்படலமும் மஞ்சளாகும். பிறந்த முதல் வாரங்களில் தோன்றும் மஞ்சள் நிறம் பொதுவாகப் பிலிரூபினால் ஏற்படுவது. அதனை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

தாய்ப்பால்
சீம்பால்
உயிர்ச்சத்து ஏ
மஞ்சள் காமாலை