திருவேட்களமும் கொற்றவன்குடியும்

சிதம்பரத்துக்குக் கீழ்பால் அண்ணாமலைநகர் என்று வழங்கும் கல்லூரியூரை 1920-ஆம் ஆண்டிற் பிறந்த புத்தூரெனக் கருதுவார் பலர். பல்கலைக்கழகக் கட்டடங்களின் அணித்தே பாடல் பெற்ற திருவேட்களம் இருத்தலை அவர் அறியார். அறிந்தாருட் சிலரும் அதனைக் கல்லூரிக்கு அயலதோர் கோயிலென்றே எண்ணுவர். அவ்வூர் வரலாற்றைத் தலத்தினின்று தொடங்குதலே முறையென்பது எமது துணிபு.

பார்த்தன் தவங்கிடந்து, வேட்டுவத் திருமேனி தாங்கி வந்த இறைவன்பாற் பாசுபதம் பெற்ற இடம் இதுவென்பது தலவரலாறு. ஆதலின் இறைவன் திருநாமமும் பாசுபதேசுவரர் என்பதாயிற்று. காவிரி வடகரைத் தலங்களுள் ஒன்றாகிய இதற்கு ஆளுடைய பிள்ளையார் பதிகம் ஒன்றும், நாவுக்கரசர் பதிகம் ஒன்றும் உள. தில்லையெல்லையுள் உறைதற்கு அஞ்சிய பிள்ளையார், வேட்களத்தில் தங்கியிருந்து அம்பலவனை வழிபட்டு மீண்டனர் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தார். மாணவர் விடுதிகள் மலிந்த அந்நிலம் அன்று திருஞானசம்பந்தர்க்கே விடுதியாயிற்று என்க.

இனி, புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள கொற்றவன்குடி. தில்லைவாழந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியர், மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையாற் சுற்றத்தாரால் விலக்கப்பெற்று இங்கே மடமமைத்து வாழ்ந்தனர். சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் மிகுதியானவற்றை இயற்றியவர் இவரே. இவர்தம் சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல் எழுந்ததென்பது அந்நூற் பாயிரத்தாற் பெறப்படும். கட்டடமும் பட்டமும் இல்லாத அம்மடத்தினும் உயர்ந்த கல்லூரி யாதென யாம் அறியேம்! அதற்கு விறகு சுமந்து கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்கு இறைவன் திருமுகம் விடுத்ததும், குலம் நோக்காது ஆசாரியர் அவனுக்குத் தீக்கையும் முத்தியும் அளித்ததும் சைவர் அனைவரும் அறிந்தனவே. அறிந்தும் அதன்வழி நின்றோமா? நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்விக்கழகம் காண, சுவாமி சகஜானந்தர் 1916-இல் முன்வரும்வரை அச்செய்தி புராணமாகவே கிடந்தது. இதனைச் சொல்லுதற்கு யாம் நாணுகின்றோம்.

பிற்காலக் கல்விநிலையங்களைச் சுருங்கக் கூறுதும். ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்தனர். அவர் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை தலைவராயிருந்தனர். பல்கலைக்கழகம் 1929-இல் நிலைபெற்றது. ஈழத்து விபுலாநந்த அடிகள் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராயினர். பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் ஆங்குத் தமிழ் பயிற்றினர். 2013-இல் அது தமிழ்நாட்டரசின் ஆட்சிக்கு உட்பட்டது.

கொடையாளர் பெயரை ஊருக்கு இடுதல் நன்றியறிதலேயாம். அதனை யாம் பழியேம். ஆயினும் புதுப்பெயரின் நிழலில் வேட்களம் என்னும் தேவாரப் பெயர் மறைந்துபோதல் தகாது. எங்கள் தாடிக்கொம்பிலிருந்து சிதம்பரத்துக்குத் தேர்வெழுதச் செல்லும் இளைஞர், நிலையத்தில் இறங்கியதும் கொற்றவன்குடி மடத்தை முற்கண்டு, பின் வேட்களத்திறைவனை வணங்கித் தேர்வுமண்டபம் புகுவாராக. இரண்டும் அவர் செல்லும் வழியை ஒட்டியே உள்ளன.