புறா விரட்டும் பருந்துகள்: கொல்ல அல்ல, அஞ்ச வைக்க

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் சிலர் இந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். அதிகாலையில் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில், இடது கையில் தடித்த தோல் உறை அணிந்த ஒருவர் நிற்பார். அவர் கையிலிருந்து ஒரு பருந்து எழும்பி, மாடி விளிம்புகளை ஒட்டிப் பறக்கும். அங்கே அடைந்திருந்த புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும். சற்று நேரத்தில் பருந்து கைக்குத் திரும்பி, ஒரு துண்டு இறைச்சியைத் தின்னும். சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை போலத் தெரிந்தாலும், இது ஒப்பந்தம் போட்டு நடக்கும் ஒரு தொழில்.

ஏன் விரட்டுகிறார்கள்?

புறா எச்சத்தில் உள்ள அமிலம் கல்லையும் உலோகத்தையும் அரிக்கிறது. கூட்டுக் குச்சிகளும் இறகுகளும் ஏசி இயந்திரங்களையும் மழைநீர்க் குழாய்களையும் அடைக்கின்றன. காய்ந்த எச்சத்தின் தூசு நுரையீரல் நோய்களுக்குக் காரணமாகலாம். விமான நிலையங்களில் ஆபத்து இன்னும் பெரிது. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கிளம்பிய விமானம் ஒன்று வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழக்க, ஹட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது. அதில் இருந்த 155 பேரும் உயிர் தப்பினார்கள்.

விஷம் வைத்தால் புறாவோடு மற்ற உயிர்களும் சாகும். பிளாஸ்டிக் ஆந்தையும் வெடிச் சத்தமும் சில நாட்களில் பழகிப்போகும். உயிருள்ள பருந்துக்குப் புறா அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. அந்த அச்சம் பிறவியிலேயே வந்தது.

எந்தப் பறவை?

கட்டடங்களுக்கு இடையில் வேலை செய்ய ஹாரிஸ் பருந்தையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் பறவை இயற்கையிலேயே குழுவாக வேட்டையாடுவது. அதனால் மனிதரோடு எளிதில் ஒத்துப்போகும். குறுகலான இடத்திலும் வளைந்து பறக்கும். விமான ஓடுபாதை, குப்பைக் கிடங்கு போன்ற திறந்த வெளிகளுக்கு ராஜாளி இனங்கள் பொருத்தமானவை. அவற்றில் ஒன்றான பைரி, மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும்.

லண்டன் விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் ரூஃபஸ் என்ற ஹாரிஸ் பருந்து பல ஆண்டுகள் காலை நேரக் காவல் பார்த்தது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1996 முதல் பல ஆண்டுகள் ராஜாளிகளைக் கொண்டு கடற்காகங்களை விரட்டினார்கள்.

பயிற்சியின் ரகசியம்

பருந்து நாயைப் போல எஜமானரை மகிழ்விக்க வேலை செய்யாது. கைக்குத் திரும்பினால் உணவு கிடைக்கும் என்பதற்காகவே திரும்புகிறது. எனவே பயிற்சியாளர் தினமும் அதைத் தராசில் நிறுத்தி, கிராம் கணக்கில் எடை பார்க்கிறார். எடை கூடினால், பசியில்லாத பறவை மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எடை குறைந்தால் சோர்ந்து, நோயில் விழும். இரண்டுக்கும் நடுவில் அதைச் சரியாக வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் திறமை. வழி தவறினால் கண்டுபிடிக்க அதன் உடலில் சிறு டிரான்ஸ்மிட்டரும் பொருத்துகிறார்கள்.

கொல்வது இங்கே நோக்கமல்ல. இந்த இடம் பாதுகாப்பானது அல்ல என்று புறா நம்ப வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் அடிக்கடி பறக்கவிட்டு, பிறகு குறைத்துக்கொள்கிறார்கள். புறா நேரத்தைக் கணித்துவிடாதபடி வேளையையும் மாற்றுகிறார்கள்.

பருந்து மட்டும் போதுமா?

போதாது. தீனியும் கூடு கட்ட இடமும் இருக்கும்வரை புறாக்கள் திரும்பி வரும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பருந்துகளைப் பறக்கவிட்டதோடு, 2003இல் புறாக்களுக்குத் தீனி போடுவதையும் தடை செய்தார்கள். வளைகுடாவின் கோடை வெயிலில் நடுப்பகலில் பறவையைப் பறக்கவிட முடியாது. இறகு உதிரும் பருவத்தில் அதற்கு ஓய்வும் தர வேண்டும். எனவே வலையும் அடைப்பும் சுத்தமும் கூடவே தேவை.

மார்க்கம் காட்டும் பொறுப்பு

பயிற்றுவித்த வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணும் அனுமதி திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 4ஆம் வசனத்தில் வருகிறது. வேட்டைப் பறவைகளும் அதில் அடங்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பறவையைப் பழக்கும் கலை நம் மரபுக்கு அந்நியமல்ல.

ஆனால் அனுமதியோடு பொறுப்பும் வருகிறது. பூனை ஒன்றைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே இரை தேட விடவும் செய்யாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானாள் என்ற செய்தியை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். பசியை வைத்தே பறவையைப் பழக்கும் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. எடை பார்க்கும் தராசு, சம்பாத்தியத்துக்கான கருவி மட்டுமல்ல, அமானிதத்தின் அளவுகோலும்கூட. அபுதாபியில் 1999இல் ராஜாளிகளுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியதும், அமீரகத்தில் ராஜாளிகளுக்குப் பாஸ்போர்ட் வழங்குவதும் இந்தப் பொறுப்பின் அடையாளங்கள்.

நம் வீடுகளுக்கு

அங்கே பார்த்ததை இங்கே செய்யலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பருந்தையும் ராஜாளியையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். குஞ்சு கிடைக்கிறது என்று யாராவது விலை பேசினால், விலகிவிடுவதே நல்லது.

அடுக்குமாடியில் புறாத் தொல்லை இருந்தால், முட்டையும் குஞ்சும் இல்லாத நேரம் பார்த்து பால்கனிக்கு வலை கட்டுங்கள். ஏசி பெட்டிக்குப் பின்னுள்ள இடைவெளியை அடையுங்கள். தானியம் இறைப்பதை நிறுத்துங்கள். எச்சத்தை நனைத்து, முகக்கவசம் அணிந்து துடையுங்கள். புறாவுக்கும் நமக்கும் துன்பமில்லாத வழி இதுவே.