ஒரே அளவுக்கு இரு பெயர்: கிரேயும் சீவர்ட்டும்

1910இல் பிரசல்ஸில் கூடிய கதிரியல் மாநாடு, ஒரு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடான் வளியின் அளவுக்குக் கியூரி எனப் பெயரிட்டது. பின்னாளில் அது நொடிக்கு 3,700 கோடி அணுச்சிதைவுகள் என வரையறுக்கப்பட்டது. 1975இல் ஏற்கப்பட்ட பெக்கரல், நொடிக்கு ஒரே ஒரு சிதைவு. இவ்விரு அலகுகளும் கதிரை உமிழும் பொருளைப் பற்றியே பேசுகின்றன. அக்கதிரை ஏற்ற உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

உடல் ஏற்ற ஆற்றலைச் சொல்வது, அதே 1975இல் வந்த கிரே: ஒரு கிலோகிராம் பொருள் உட்கவரும் ஒரு ஜூல் ஆற்றல். நான்கே ஆண்டுகளில், எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு சீவர்ட் என்னும் மற்றொரு பெயரையும் ஏற்றது. அதுவும் கிலோகிராமுக்கு ஒரு ஜூல்தான். பரிமாணம் ஒன்றாக இருக்கப் பெயர் ஏன் இரண்டு? 1979ஆம் ஆண்டுத் தீர்மானமே காரணம் கூறுகிறது: உட்கவர்ந்த ஆற்றலையும் அதன் உயிரியல் தீங்கையும் குழப்பிக்கொண்டால், மனிதர் பெற்ற கதிர்வீச்சு குறைத்து மதிப்பிடப்படும். காமாக் கதிரின் ஒரு கிரே ஒரு சீவர்ட். ஆல்ஃபா துகளின் ஒரு கிரேயோ 20 சீவர்ட். மைசூரின் மண்டி மொஹல்லா தன் பெயரில் இன்றும் தாங்கி நிற்கும் மண்டிகளின் உலகில், சேர் என்ற ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு எடையைக் குறித்தது. இங்கு நடந்தது அதன் தலைகீழ். அதுவும் வேண்டுமென்றே செய்யப்பட்டது. அறிவியல் கலைச்சொல்லாக்கத்தில், உயிர்காப்புக்கென்றே ஒரு பெயர் சூட்டப்பட்ட அரிய தருணம் இது.

இவ்வேறுபாட்டின் பொருளை உணரத் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வரவேண்டும். 1909இல் மணவாளக்குறிச்சி மணலில், தோரியம் செறிந்த மோனசைட்டை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலும் அதே மணல். அங்கு ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை கதிர்வீச்சு இருந்தபோதும், புற்றுநோய் மிகுதி தென்படவில்லை என்பது அதன் முடிவு.

இந்த 70ஐ, இந்தியாவில் பொதுமக்களுக்கான வரம்பாகிய 1 மில்லிசீவர்ட்டுக்கு அருகில் வைத்து அஞ்சுவோர் உண்டு. அவ்வரம்பு இயற்கைக் கதிர்வீச்சுக்கு உரியதன்று. அணுமின் நிலையம் முதலான மனிதச் செயல்களால் கூடுதலாகச் சேர்வதற்கு மட்டுமே உரியது. அலகுகள் வேறாயினும் எண்களை அருகருகே வைக்க முடிவது, மணலிலிருந்து வெளியே வருவது காமாக் கதிர் என்பதால் மட்டுமே. அதே தோரியத்தின் வழித்தோன்றலாகிய தோரான் வளி மூச்சோடு நுரையீரலுக்குள் புகுந்து சிதையும்போது, அங்கு ஆல்ஃபா துகள்கள் வெளிப்படும். அவ்விடத்தில் கிரேயைச் சீவர்ட்டாகப் படித்தால், பிழை இருபது மடங்கு.