நிலைமாற்றி பிறந்த வரலாறு

வீதிக் கம்பத்தில் இரையும் நிலைமாற்றியை நாம் பொருட்படுத்துவதில்லை. அதன் மூலத்தைச் சிறிது நோக்குவோம்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி, இலண்டனில் மைக்கேல் பரடே, இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு கம்பிச்சுருள்களுள் ஒன்றில் மின்னைச் செலுத்தினார். மற்றதன் கம்பியருகே வைத்த காந்தவூசி ஒருகணம் அசைந்து ஓய்ந்தது. மின்னை நிறுத்தியபோதும் அசைந்தது. சீராக ஓடும் மின்னால் அடுத்த சுருளில் மின் எழவில்லை. மாறும் மின்னாலேயே எழுந்தது.

ஆடலோட்டமோ இடையறாது மாறுவது. அதற்கேற்ற நிலைமாற்றியை 1885இல் புடாபெஸ்ட் நகரப் பொறியியலாளர் மூவர் அமைத்தனர். இரண்டாஞ் சுருளின் சுற்றுகள் பத்து மடங்காயின் மின்னழுத்தமும் ஏறக்குறையப் பத்து மடங்காகும். ஓட்டம் அவ்வளவிற் குறையும். ஓட்டங் குறையவே கம்பியில் வெப்பமாய் வீணாவதும் குறைந்தது. மின் நெடுந்தூரஞ் சென்றது.

கணநேர அசைவொன்றை அவர் அலட்சியஞ் செய்திலர். நாமும் சிறியனவற்றைக் கூர்ந்து நோக்கப் பழகுவோமாக.