பாடு: பழவேற்காட்டில் இன்னிக்கு யார் முறை?

காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பழவேற்காட்டில் என்ன வேலைன்னு கேட்கலாம். 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரியும்வரை அந்த ஊரும் எங்க மாவட்டம்தான். அங்கே படகு எடுப்பவர்கள் போடும் கணக்கைத் தேடிப் போனால், அது உத்திரமேரூருக்கே திரும்பக் கூட்டி வந்துவிட்டது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பரப்புதான் பெரிசு, ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டியது இதன் தென்முனையில். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரமும் அந்தப் பக்கம்தான்.

இறால் பிடிக்கும் சுத்துவலையைக் கம்பு நட்டு, நீரோட்டம் உள்ள இடத்தில் கட்டணும். நீர் வற்றும்போது கடலை நோக்கிப் போகும் இறால் வலையில் விழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். ஏற்ற இறக்கம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் இந்தக் கணக்கே அடிபடும். ஆக, எப்போ போகணும்னு நிலா சொல்லிவிடும். எங்கே போகணும் என்பதுதான் சிக்கல். நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய.

அதுக்கு விடைதான் ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று சுழற்சியில் பிரித்துக்கொள்வார்கள். இன்னிக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு அடுத்தவருக்கு விடணும். எங்க தொழிலில் இதை ‘ரவுண்ட் ராபின்’ என்போம். கொச்சிக் காயலிலும் இலங்கையிலும்கூட இதே பெயரில் இப்படி முறை உண்டு.

அழகான ஏற்பாடு. ஆனால் சுழற்சியில் யார் பெயர் இருக்கும்? ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் வரும் ஆண்களுடையது. பெண்களுக்கு இடமில்லை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்ற சாதியாருக்கும் இல்லை. இறால் ஏற்றுமதியில் காசு பார்க்க ஆரம்பித்த பிறகு, வெளியே நின்றவர்களும் பங்கு கேட்டார்கள். சண்டை வந்தது.

இப்போ உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படித் தேர்வான வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று! ஆனால் ஓலையில் பெயர் ஏற வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதப் படிப்பு வேணும்.

கிட்டத்தட்ட ஆயிரம் வருஷ இடைவெளி. ஒன்று பிராமண சபை, இன்னொன்று மீனவர் ஊர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது. குடத்துக்குள்ளே போன ஓலைகளுக்குள் பாரபட்சமே கிடையாது. பாரபட்சம் அதுக்கு முன்னாடியே, யார் பெயரை எழுதலாம்னு முடிவு பண்ணும்போதே முடிந்துபோகிறது.

அதுக்காகப் பாட்டை ஒழிக்கணும்னு சொல்ல முடியாது. முறையே இல்லாவிட்டால் பெரிய வலையும் பலமான கையும் உள்ளவன்தான் தினமும் நல்ல இடத்தில் நிற்பான். ஏரி இருக்கிற அளவுதான் இருக்கிறது. வரிசையை நீட்டினால் ஏற்கெனவே நிற்பவரின் முறை தள்ளிப்போகும். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதைக் குலுக்கல் சொல்லாது. அதை மனுஷங்கதான் உட்கார்ந்து பேசணும்.